தோட்டத்து ரத்தம் என்று ஒன்று இல்லை

செவ்வாய்க்கிழமை காலை, சிரம்பான் பக்கம் மம்பாவில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் ஒரு பெரியவரின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். கவுண்டரில் இருக்கும் பெண் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "அங்கிள், மாணிக்கம்னு ஒருத்தரு. அழுவுறாரு" என்றாள். வாங்கிக் காதில் வைத்தேன். "ராஜம்மா போயிருச்சி டிரஸ்ஸர். கீரை ஆய்ஞ்சிக்கிட்டு இருந்துச்சி. அப்பிடியே சாஞ்சிருச்சி" என்றார் மாணிக்கம். அதற்கு நான் கேட்டது என்ன தெரியுமா? "எந்த ராஜம்மா?" இருபது வருடத்துக்கு மேல் கூட வேலை பார்த்த மனுஷியை, அவருடைய கணவரிடமே எந்த ராஜம்மா என்று கேட்டேன். நான் தொலைபேசியை வைத்துவிட்டு வந்து கட்டை முடித்தேன். "தம்பி, மருந்து வைக்கலியே" என்று பெரியவர்தான் ஞாபகப்படுத்தினார்.

இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் எனக்கு விளங்கவில்லை. ராஜம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் கேன்வாஸ் சப்பாத்து மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றுகிற ஒல்லியான உடம்பு. இறப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பு சிரம்பானில் ஒரு டாக்டர் அவரை ஓடும் மிஷின்மேல் ஏற்றிச் சோதித்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். "மிஷினுக்குத்தான் அண்ணே மூச்சு வாங்குச்சி, எனக்கு ஒண்ணுமில்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். எங்கள் பழைய ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாரையும் சாகிற வரிசையில் நிறுத்தச் சொன்னால், சர்க்கரையும் பிரஷரும் தொப்பையுமாக இருக்கிற என்னை முதலில் நிறுத்தி, ராஜம்மாவைக் கடைசியில் நிறுத்தியிருப்பேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் அவரிடம் கையை நீட்டி ரத்தம் கொடுத்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். நான் இரண்டு கூட்டத்திலும் சேர்த்தி.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆறேழு ரப்பர் தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்த எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவர் ரத்தப் பரிசோதனை செய்ய வந்தார். நான் அங்கே டிரஸ்ஸர். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் மாத்திரை கொடுப்பதும், பல் பிடுங்குவதும், பிள்ளைப்பேற்றுக்குப் பக்கத்தில் நிற்பதும், விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று யாருக்கு நிஜமாகவே சீக்கு, யாருக்குச் சோம்பல் என்று தீர்ப்புச் சொல்வதும் நான்தான். நான் "லைட் வேலை" என்று சீட்டு எழுதினால்தான் ஒருவன் பாலுக்கு மரம் வெட்டப் போகாமல் புல் செதுக்கப் போகலாம். அந்தச் சீட்டை நான் லேசில் எழுதுவதில்லை என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. இளவயதில் சில பெருமைகள் அப்படித்தான் இருக்கும்.

ராஜம்மாவின் ராஜ்யம் மருந்தறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. அங்கே ஒரு மரச்சட்டத்தில் மெல்லிய நீளக் கண்ணாடிக் குழாய்கள் செங்குத்தாக நிற்கும். அந்தக் காலத்தில் ரத்தத்தை வாயால் உறிஞ்சித்தான் குழாயில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிவப்பு மெல்லக் கீழே இறங்கும், மேலே மஞ்சள் தண்ணீர் தெளியும். எவ்வளவு தூரம் இறங்கியது என்பதுதான் கணக்கு. நல்ல உடம்பில் கொஞ்சமாக இறங்கும். உள்ளே எங்கேயாவது அழற்சி இருந்தால் கிடுகிடுவென்று இறங்கிவிடும். ஈ.எஸ்.ஆர். என்போம். மலிவான சோதனை, பழைய சோதனை. எந்த இடத்தில் கோளாறு என்று அது சொல்லாது. "எங்கியோ ஒரு வீட்டுல அடுப்பு எரியுது அண்ணே. எந்த வீடுன்னு கேக்காதீங்க. எனக்குப் பொகைதான் தெரியும்" என்பார் ராஜம்மா.

அந்த ஒரு மணி நேரம் அவருடைய மேஜை அசையக்கூடாது. அதிர்ந்தால் ரத்தம் சீக்கிரம் இறங்கிக் கணக்குத் தப்பிவிடும். ரப்பர் பால் ஏற்றப் போகும் லோரி ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால் நடுரோட்டில் போய்க் கையைக் காட்டுவார். ஒருநாள் பெரிய தொரையின் கார் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. ராஜம்மா வெளியே போய், "சார், என் ரத்தம் நிக்குது. இன்னும் அரை மணி நேரம் எஞ்சின் போடாதீங்க" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார். தொரை ஒருமுறை குழாய்களைப் பார்த்தார், ஒருமுறை அவரைப் பார்த்தார், பேசாமல் பங்களாவுக்கு நடந்து போனார். தோட்டத்து ஆபீஸ் கிராணி என்னிடம் வந்து, "உங்க லேப் அம்மாவுக்கு யாரு எவருன்னே இல்லையா லா?" என்று குறைப்பட்டுக்கொண்டார். அந்த லோரி டிரைவர் பின்னாளில் எஞ்சினை அணைக்கும் சாக்கில் தினமும் நின்று பேசத் தொடங்கி, அவரையே கட்டிக்கொண்டார். அவர்தான் மாணிக்கம்.

லேப் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று சரியான அளவுகள் அச்சில் இருக்கும். ஈ.எஸ்.ஆர். வரிக்குப் பக்கத்தில் மட்டும் எனக்கு முன்னால் இருந்த டிரஸ்ஸர்களில் யாரோ ஒருவர் பென்சிலால் வேறொரு அளவை, இரண்டு மடங்குக்கும் மேலாக, எழுதி வைத்திருந்தார். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு வயிற்றில் பூச்சி, உடம்பில் ரத்தம் குறைச்சல், காலில் ஆறாத புண். அச்சடித்த அளவை வைத்துப் பார்த்தால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு ஆள் தேறமாட்டான். அதனால் தோட்டத்துக்கு என்று தனியாக ஒரு நார்மல். நானும் அந்தப் பென்சில் அளவைத்தான் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து டிரஸ்ஸர்களும் அப்படித்தான். "தோட்டத்து ரத்தம் அப்படித்தான் இருக்கும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

ராஜம்மா வந்த முதல் வாரமே அதைப் பார்த்துவிட்டார். "இது யாரு எழுதுனது?" என்றார். நான் விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "எல்லாருக்கும் சீக்குன்னா அதுக்குப் பேரு நார்மலா? தோட்டத்து ரத்தம்னு ஒண்ணு இல்லண்ணே. சீக்கு ரத்தம்தான் இருக்கு" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பென்சில் டிரஸ்ஸர் என்று பெயர். மற்ற லேப்காரர்கள் சீட்டில் நார்மல் என்று எழுதுவார்கள். ராஜம்மா அந்தச் சொல்லை எழுதியதே இல்லை. எண்ணை மட்டும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புவார்.

சின்னக்கண்ணுவின் விஷயத்துக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியாது. நாற்பது வயது, நல்ல வெட்டுக்காரர். ஒருநாள் பெரட்டில் என்னிடம் வந்து, தாடை வலிக்கிறது, கை கனக்கிறது, நாலு மரம் வெட்டினால் வேர்த்துக் கொட்டுகிறது என்றார். பல் சொத்தையாக இருந்தது. பிடுங்கினேன். வலி போகவில்லை. சிரம்பானுக்கு அனுப்பி நெஞ்சுக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ராஜம்மா சும்மா இருக்கவில்லை. ரத்தம் எடுத்து, குழாயில் நிறுத்தி, எண்ணோடு என் மேஜைக்கு வந்தார். "ரொம்ப எறங்கியிருக்கு அண்ணே. பூச்சி மருந்து குடுத்து ரெண்டு மாசம் ஆச்சி. புண்ணு இல்ல, சளி இல்ல. நாலு நாள் லைட் வேலை குடுங்க" என்றார். நான் எண்ணைப் பார்த்தேன். பென்சில் அளவுக்குள்தான் இருந்தது. "தோட்டத்து ரத்தம், ராஜம்மா. பல்லு வேற புடுங்கியிருக்கு" என்றேன்.

மூன்றாம் நாள், பால் எடுக்கிற நேரத்தில், சின்னக்கண்ணு தான் வெட்டும் மர நெரையிலேயே விழுந்து இறந்தார். வாளி பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. நான் ஓடிப்போனபோது பால் மண்ணில் உறைந்திருந்தது.

திடீர்ச் சாவு என்பதால் உடலைச் சிரம்பானுக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தார்கள். கூடப் போனது ராஜம்மா. உடலைப் பரிசோதித்த டாக்டரம்மாவிடம் அவர் முன்பு பயிற்சி எடுத்தவர் என்பதால் உள்ளே விட்டார்களாம். மறுநாள் காலை ஆஸ்பத்திரிப் பின்வாசலில் நின்று என்னிடம் சொன்னார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துப்போயிருக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. பாதி வழிக்கும் மேல் திறந்துதான் இருந்ததாம். ஓரிடத்தில் மட்டும் குழாயின் சுவரில் சின்ன வீக்கம். அதற்குள்ளே கொழுப்பு, கூழாக. மேலே மெல்லிய தோல். அந்தத் தோல் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழியை ஒரேயடியாக மூடிவிட்டது.

"மரத்துல கட்டுன மங்குல பால் கெடக்குமே அண்ணே, மேல ஆடை கட்டி? பாத்தா ஒறைஞ்ச மாதிரி இருக்கும். குச்சியால தொட்டா உள்ள பாலாவே இருக்கும். அப்பிடி இருந்துச்சி" என்றார். அன்றைக்கே அங்கே லோரி மோதி இறந்த ஒரு கிழவரின் இதயமும் இருந்ததாம். டாக்டரம்மா அதையும் வெட்டிக் காட்டினார். குழாய் முழுக்கச் சுண்ணாம்பாக இறுகி, கத்தி பட்டால் கரகரவென்று சத்தம் வந்ததாம். சின்னக்கண்ணுவின் குழாயைவிட அது குறுகலாக இருந்தது. "அந்த ஆளு அந்தக் கொழாயை வச்சிக்கிட்டு எழுபது வயசு வரைக்கும் சைக்கிள் மிதிச்சிருக்காரு. கல்லா இருந்தது தாங்கியிருக்கு, மெத்துன்னு இருந்தது கொன்னுருச்சி" என்றார்.

சில நாள் கழித்து, கிழிந்த இடத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த டாக்டரம்மா, புண்ணில் வந்து கூடுகிற அதே வெள்ளை அணுக்கள் அங்கேயும் கூட்டமாக இருப்பதாகச் சொன்னாராம். ராஜம்மா உடனே கேட்டிருக்கிறார்: அப்படியென்றால் அந்தப் புண்ணின் புகை ரத்தத்தில் தெரியுமா? தெரியலாம், ஆனால் நூறு காரணத்துக்கு ஈ.எஸ்.ஆர். கூடும், இதை வைத்து யாருக்கும் இதய நோய் என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது. ராஜம்மா அதை மறைக்காமல் என்னிடம் சொன்னார். அவருடைய நேர்மை அது. "நான் அன்னிக்கே சொன்னேனே" என்ற ஒரு வார்த்தையை அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், மனம் ஆறியிருக்கும்.

அவர் செய்தது ஒன்றுதான். லேப்புக்கு என்னைக் கூப்பிட்டு, கையில் அழிரப்பரைக் கொடுத்து, சுவரைக் காட்டினார். "நீங்களே அழிக்கலாம்ல?" என்றேன். "நான் அழிச்சா நாளைக்கு இன்னொரு டிரஸ்ஸர் எழுதுவாரு. நீங்க அழிங்க" என்றார். அழித்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் தடம் மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு நான் நிறைய லைட் வேலைச் சீட்டு எழுதினேன். கிராணி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ராஜம்மா எனக்குப் புதிய பெயர் ஏதும் வைக்கவில்லை என்றாலும் பழைய பெயரை விட்டுவிட்டார்.

பிறகு தோட்டங்கள் கைமாறின, ஆஸ்பத்திரியை மூடினார்கள், ஆளுக்கொரு பக்கம் போனோம். மாணிக்கம் சுங்கை காடுட்டில் ஃபேக்டரி பஸ் ஓட்டினார். ராஜம்மா சிரம்பானில் ஒரு தனியார் லேப்பில் சேர்ந்தார். இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கிளினிக்குக்குப் போன் செய்து கத்தினார். லேப்காரர்களுக்கு ஒரு டாக்டர் பேச வந்தாராம். சி.ஆர்.பி. என்ற இன்னொரு ரத்தச் சோதனையைப் பற்றிச் சொன்னாராம். அழற்சி வந்தால் உடனே ஏறுகிற பொருள் அது. இதய நோய் வரப்போகிறவர்கள் சிலருக்கு அது முன்கூட்டியே ஏறியிருப்பதை வெளிநாடுகளில் கவனிக்கிறார்களாம், இன்னும் முடிவாகச் சொல்லவில்லையாம். "நான் டாக்டரம்மாகிட்ட கேட்டேனே, அதுக்குப் பாதி பதில் வந்துருச்சி அண்ணே! பாதிதான். ஆனா வந்துருச்சி!" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

இனி எழுதப்போவதுதான் நான் இத்தனை நேரம் தள்ளிப்போட்டது. இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, மதியம் ஆளில்லாத நேரத்தில் ராஜம்மா கிளினிக்குக்கு வந்தார். எப்போதும் என் மேஜை ஓரத்தில் நின்றுதான் பேசுவார். அன்றைக்கு நோயாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓடும்போது ஒன்றுமில்லை, சும்மா இருக்கும்போது சில நாள் முதுகு நடுவில் இறுக்குகிறது, காரணமில்லாமல் அசதியாக இருக்கிறது என்றார். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தார். தன் ரத்தத்தைத் தானே எடுத்து ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் பார்த்திருந்தார். இரண்டு வாரம் விட்டு மறுபடியும் பார்த்திருந்தார். இரண்டு தடவையும் கூடுதல். "பல்லு, மூட்டு, மூத்திரம் எல்லாம் பாத்துட்டேன் அண்ணே. எங்கியும் ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் சீட்டைப் பார்த்தேன். மிஷின் சோதனை நன்றாக வந்ததை நினைத்துக்கொண்டேன். "வயசு ஏறுனா இதுவும் ஏறும். அதுவும் நம்ம ஆளுங்களுக்கு எப்பவுமே கொஞ்சம் கூடத்தானே இருக்கும், ராஜம்மா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வழக்கப்படி ஒரு திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். விழவில்லை. சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்பிடியா சொல்றீங்க? சரிண்ணே" என்று எழுந்து போனார்.

நான் சொன்னது என்ன என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை, அவர் வீட்டு முன்கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் நின்றபோதுதான் உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். துக்கத்தில் மயக்கம் என்று நினைத்து யாரோ மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். லேப் சுவரில் இருந்ததை என் கையாலேயே அழித்தேன். என் தலைக்குள் இருந்தது இருபது வருடமாக அழியாமலே இருந்திருக்கிறது. அதைவிட எனக்கு அதிர்ச்சி ராஜம்மாதான். தொரையின் காரை நிறுத்தியவர், கிராணிக்குப் பயப்படாதவர், என்னை ஒரு தடவைகூட தப்பவிடாதவர், அந்த ஒரு மதியம் மட்டும் ஏன் என்னைத் தப்பவிட்டார்? யோசித்து யோசித்து ஒரு பதில்தான் கிடைத்தது. அவருக்குப் பயமாக இருந்திருக்கிறது. ஒன்றுமில்லை என்று யாராவது சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறார். அதை யார் சொல்வார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

போன வாரம் மாணிக்கம் ஒரு உறையோடு என் வீட்டுக்கு வந்தார். உடற்பரிசோதனை அறிக்கை. முழுக்க இங்கிலீஷ். "நீங்களே படிச்சிச் சொல்லுங்க டிரஸ்ஸர், வேற யாருகிட்ட போவேன்?" என்றார். படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இதயக் குழாயில் ஓரிடத்தில் வீக்கம். அடைப்பு பாதிகூட இல்லை. உள்ளே கூழான கொழுப்பு. மேலே மெல்லிய தோல், அது கிழிந்து ரத்தம் உறைந்திருக்கிறது. கிழிந்த இடத்தைச் சுற்றி அழற்சி அணுக்கள். இந்த வரிகளை நான் ஏற்கனவே ஒருமுறை, ராஜம்மாவின் வாயால் கேட்டிருக்கிறேன்.

அப்போதே மாணிக்கத்திடம் சொல்லிவிட்டேன். ராஜம்மா சீட்டோடு வந்ததையும், நான் சொன்ன பதிலையும், ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். கோலாலம்பூரில் ஒரு இதய டாக்டரிடம் அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும் என்றேன். அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, ஆனால் அனுப்பவில்லை என்றேன். மாணிக்கம் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

மாணிக்கம் அறிக்கையை மெதுவாக உறைக்குள் வைத்தார். "தெரியும் டிரஸ்ஸர். அன்னிக்கே வந்து சொல்லிச்சி. அண்ணன் ஒண்ணுமில்லைன்னுட்டாருன்னு. அதுக்கு முந்தி ஒரு மாசமா அதுக்குத் தூக்கமே இல்ல. அன்னிக்குத்தான் நல்லா தூங்குச்சி" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அவர் அதை நிஜமாகவே நன்றியாகத்தான் சொன்னார்.

ராஜம்மாவின் எண்களையும் பேச்சையும் உங்களில் பலர் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது வேறு. ஒருவர் வார்த்தையையும் சோதிக்காமல் ஏற்காத அந்த மனுஷி, ஒரே ஒரு தடவை, என் வார்த்தையை நம்பித் தூங்கினார். அந்தத் தூக்கத்தை நான் வைத்திருக்கிறேன்.